ரம்புத்தான் தோல் போட்ட கட்லெட்

என் கணவர் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும் என்பதால், காலையில் அவர் ஃபிரிட்ஜைத் திறப்பதும் மூடுவதும் அரைத் தூக்கத்தில்தான் நடக்கும். போன புரட்டாசியில் ஒரு நாள், போத்தலில் இருந்த பழுப்புத் தண்ணீரை நேற்றைய தேநீர் என்று நினைத்து ஒரு மடக்கு குடித்துவிட்டார்.

"என்னம்மா இது? நாக்கு அப்படியே உள்ள இழுத்துக்கிட்டுப் போவுது!"

"ஐயோ, துப்புங்க! அது ரம்புத்தான் தோலு!"

"தோலா? அதை எதுக்குக் காய்ச்சி வச்சிருக்க?"

"கோழிக்கு."

அவர் போத்தலை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். வீட்டில் கோழி வளர்க்கவில்லை. புரட்டாசி மாதம் என்பதால் சமைக்கவும் இல்லை. மேற்கொண்டு கேட்டால் வேலைக்கு நேரமாகிவிடும் என்று தோன்றியிருக்க வேண்டும். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு நான் அனுப்பிய குறுஞ்செய்திகள் மூன்று. வயிறு எப்படி இருக்கிறது, தலை சுற்றுகிறதா, எத்தனை மடக்கு என்று சரியாகச் சொல்லுங்கள். பத்து மணி ஓய்வு நேரத்தில்தான் பதில் வந்தது: "உசுரோட இருக்கேன். வாய் மட்டும் இன்னும் திரும்பி வரல."

எல்லாம் சாசேஜால் வந்த வினை.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் உறைந்த கோழிப் பண்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு பெக்கான் நானாஸில் இந்தத் தாமான் குடியிருப்பில் வீட்டோடு இருந்துகொண்டேன். சாசேஜுக்கு அந்த ரோஜா நிறம் எந்தப் பதன மருந்தால் வருகிறது என்று எனக்குத் தெரியும். அளவோடு போட்டால் ஆபத்தில்லை என்று எத்தனையோ படிவங்களில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆனால் அதே சாசேஜ் ஐந்து வயது மகளின் தட்டில் காலை, மதியம், மாலை என்று வந்து உட்கார்ந்தபோது, என் கையெழுத்தின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ஒரு நாள் துணிந்து நிறுத்தினேன். அன்றிலிருந்து பாலர் பள்ளிக்குக் கொண்டுபோகும் அவளுடைய சாப்பாட்டு டப்பா, காலையில் எப்படிப் போனதோ அப்படியே மதியம் திரும்பி வந்தது. நிறுத்தியது தப்போ என்று தினமும் ஒருமுறையாவது யோசிப்பேன். டப்பாவைக் கழுவும்போது இரண்டு முறை.

அந்தச் சமயத்தில்தான் பாலர் பள்ளியில் ஜமுவான் விருந்து வைக்கப்போவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பண்டம் போக வேண்டும். பிள்ளைகள் எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். முந்தைய வருட விருந்துக்கு நான் வேகவைத்த கேரட்டும் வெள்ளரிக்காயும் அனுப்பினேன். நட்சத்திர வடிவில் வெட்டியிருந்தேன். நட்சத்திரங்கள் ஒன்று குறையாமல் வீடு திரும்பின. மகள் காரில் அழுதுகொண்டே வந்தாள்.

"இந்தத் தடவ சாசேஜ், அம்மா."

"சாசேஜ் வேணாம். அம்மா கோழி கட்லெட் செஞ்சு தரேன்."

"யாரும் சாப்பிட மாட்டாங்க."

"சாப்பிடுவாங்க."

"டப்பா காலியா வரணும்."

"வரும்."

"வரலன்னா?"

அங்கே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். "வரலன்னா பழையபடி சாசேஜ் வாங்கித் தரேன். வந்துச்சுன்னா, நீ தினமும் கட்லெட் சாப்பிடணும்." அவள் உடனே சுண்டு விரலை நீட்டினாள். நானும் நீட்டினேன். ஒரு பட்டதாரி, ஐந்து வயதுப் பிள்ளையோடு பந்தயம் கட்டிய நாள் அது.

தினமும் கட்லெட் என்றால் ஒரேயடியாகச் செய்து சில நாட்களாவது வைத்திருக்க வேண்டும். அரைத்த கோழி சீக்கிரம் காறிவிடும். கடை மருந்தைப் போட எனக்கு மனமில்லை. அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் என் கடைசி வருட ஆய்வு நினைவுக்கு வந்தது. நாம் உரித்து வீசுகிற தோலில், பழம் தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சேர்த்துவைத்த துவர்ப்பு இருக்கிறது. அந்தச் சாற்றைக் கொஞ்சம் இறைச்சியில் கலந்தால் கொழுப்பு காறாமல் பிடித்துவைக்கும். சில கிருமிகளையும் மெதுவாக்கும். அன்று வாழைப்பழத் தோலை வைத்து நான் செய்த கட்லெட் தார்ச்சாலை நிறத்தில் வந்தது என்பதை இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் அன்னாசிதான். சாலையோரக் கடைக்காரர் ஒரு பை நிறையத் தோலைச் சும்மாவே கொடுத்தார். அன்னாசிச் சாறு பச்சை இறைச்சியைக் கரைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நன்றாகக் கொதிக்கவிட்டால் அந்தக் குணம் செத்துவிடும் என்பதும் தெரியும். அடுப்பில் வைத்தேன். வைத்ததும் சந்தேகம் வந்தது. ரொம்பக் கொதித்தால் நல்ல சத்தும் போய்விடுமோ? இறக்கினேன். போதாதோ? மறுபடி ஏற்றினேன். ஓரத்தில் நாலு குமிழ் வந்ததும் பயந்துபோய் ஒரேயடியாக இறக்கிவிட்டேன். ஆறியதும் அரைத்த கோழியில் கலந்து மூடி வைத்தேன்.

மறுநாள் காலை சட்டியைத் திறந்தால் கோழி இல்லை. கூழ் இருந்தது.

"அம்மா, கோழிக் கஞ்சி!" என்று மகள் கைதட்டினாள்.

என் மாமியார் எட்டிப் பார்த்தார். நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். "இவ்வளவு படிச்சும் அன்னாசிக்குப் பக்கத்துல கோழிய வைக்கக் கூடாதுன்னு தெரியலையா? இந்த ஊருல பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியுமே."

"தெரியும் அத்தை. கொதிக்கவச்சா…"

"கொதிக்க வச்சியா?"

"பாதி."

புரட்டாசி மாதம் அசைவம் சமையலறைக்குள் வரக் கூடாது என்பது அவருடைய சட்டம். பிள்ளைகளுக்கு விரதம் இல்லை என்பதால், வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்பு, தனிச் சட்டி, ஒரு பழைய சின்ன ஃபிரிட்ஜ் வைத்துக்கொள்ள அனுமதி தந்திருந்தார். அந்தக் கூழைப் பின்சந்துப் பூனைக்கு வைத்தேன். அது மோந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெக்கோக்கில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போனோம். பருவம் முடிகிற நேரம். கொல்லை ரம்புத்தான் மரத்தில் கடைசிப் பழங்கள் இருந்தன. மருந்தடிக்காத மரம். கண்ணை மூடிக்கொண்டு தோலை எடுக்கலாம். எல்லாரும் பழம் தின்ன உட்கார்ந்தார்கள். நான் ஒரு பையோடு அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"கீழ போடாதீங்க! பையில போடுங்க! கடிச்சு உரிக்காதீங்க, கையால உரிங்க!"

"பழம் எங்களுக்கு, தோலு உனக்கு. இந்தப் பங்கு எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அத்தை, இன்னொன்றை உரித்துக்கொண்டே.

தோலைக் கழுவி, நறுக்கி, கார் நிறுத்தும் இடத்தில் முறத்தில் காயவைத்தேன். கடிதம் கொண்டுவந்தவர் என்ன வடகம் இது என்று கேட்டார். பிறகு தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தேன். இந்த முறை முழுதாக. வடிகட்டிச் சுண்டவைத்துப் போத்தலில் ஊற்றினேன். என் கணவர் மறுநாள் குடித்தது அதைத்தான்.

அவர் உயிரோடு மாலை வீடு திரும்பியதால் சோதனையைத் தொடர்ந்தேன். பின்னால் இருந்த சின்ன ஃபிரிட்ஜில் இரண்டு தட்டுகளில் அரைத்த கோழி. ஒன்றில் தோல் சாறு, ஒன்றில் வெறும் தண்ணீர். உப்பும் கொழுப்பைக் காறவைப்பதில் கைவைக்கும் என்பதால் இரண்டிலும் உப்பைச் சேர்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் பழகியிருந்தேன். எவ்வளவு கோழிக்கு எத்தனை கரண்டிச் சாறு, எவ்வளவு மிளகு, எவ்வளவு ரொட்டித்தூள் என்று ஒரு தாளில் அழகாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் பழைய மேலாளர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

நாலாம் நாள் தட்டுகளை வெளியே எடுத்தேன். அப்போது ஒரு தயக்கம்.

"அத்தை, மோந்து பார்த்தா விரதம் போயிடுமா?"

அத்தை யோசித்தார். "பக்கத்து வீட்டுல கோழி பொரிக்கிறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டா இருக்கோம்? மோந்துக்க. ஆனா ரசிச்சு மோந்துடாத."

ரசிக்காமல் மோந்தேன். தண்ணீர்த் தட்டில் பழைய எண்ணெயின் காறல் வாடை இலேசாகத் தொடங்கியிருந்தது. தோல் தட்டில் அது இல்லை. நான் துள்ளிக் குதித்ததில் மகள் ஓடிவந்தாள். இரண்டு தட்டையும் குப்பையில்தான் போட்டேன்; தோலுக்குக் கெட்டுப்போவதைத் தள்ளிப்போடத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. நாலு நாள் பச்சைக் கோழியை ஒருவர் வாயில் வைக்கிற தைரியம் எந்தத் தோலும் எனக்குத் தராது.

ஜமுவான் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மாலை, மலாய்க்காரர் கடையில் வாங்கிய ஹலால் கோழி, அதற்கென்றே வாங்கிய புதுச் சட்டி, ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்த தாள். எழுதியபடி ஒரு சிட்டிகை கூடாமல் குறையாமல் கலந்து இருபத்தெட்டு கட்லெட் தட்டினேன். வகுப்புக்கு இருபத்திரண்டு, உறைபெட்டியில் நாலு, சுவை பார்க்க இரண்டு.

சுவை பார்க்க யார்?

நான் பார்க்க முடியாது. அதற்கு முந்தைய வருடம் மகள் காய்ச்சலோடு நாலு நாள் மருத்துவமனையில் கிடந்தபோது, ஒவ்வொரு புரட்டாசியும் தவறாமல் சைவம் இருக்கிறேன் என்று பெருமாளிடம் சொல்லியிருந்தேன். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அத்தையிடம் கேட்கவே முடியாது. மகளிடம் கேட்கலாம், ஆனால் துவர்ப்பு அதிகமாகி அவள் ஒருமுறை முகம் சுளித்துவிட்டால் பந்தயம் அங்கேயே முடிந்துவிடும். மிச்சம் என் கணவர்.

"ஒரே ஒரு கடி."

"புரட்டாசிம்மா."

"நீங்க அந்தப் பக்கம் போனா என்ன சாப்பிடுறீங்கன்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

"அந்தப் பக்கமும் புரட்டாசிதான்!" என்றார். கொஞ்சம் அவசரமாகச் சொன்னது போல இருந்தது. நான் தோண்டவில்லை.

வியாழக்கிழமை காலை இரண்டு கட்லெட்டைப் பொரித்து எடுத்துக்கொண்டு இடது பக்க வீட்டுச் சீன ஆண்டியிடம் போனேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அலமாக்! ஆண்டிக்கு முடியாது லா. சாமிக்கு ஒன்பது நாள் சைவம். இன்னும் அஞ்சு நாள் இருக்கு" என்றார். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உங்க வீட்டிலயும் சைவம்தானே? அப்புறம் யாருக்கு இது?"

"பிள்ளைங்களுக்கு, ஆண்டி."

"வாசம் நல்லா இருக்கு. இங்கேயிருந்து தூரமா கொண்டுபோ."

வலது பக்கம் மலாய்க்கார அக்கா. சட்டி புதுசு, கோழி ஹலால், அந்தச் சட்டியில் வேறெதுவும் சமைத்ததில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னிக்கு வியாழக்கிழமைம்மா. நான் நோன்பு."

திங்களும் வியாழனும் அவர் நோன்பு இருப்பது எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் மறந்திருந்தேன். மூன்று வீடு, மூன்று சாமி, ஒரு கட்லெட்டைக் கடிக்க ஆளில்லை. அழுதுவிடுவேன் போல நின்றிருக்கிறேன். அக்கா தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "குடு, ஐஸ் பெட்டியில வைக்கிறேன். நோன்பு திறக்கிறப்ப சூடாக்கிச் சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

அன்று சூரியன் மறைய எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் நஞ்சமல்ல. வேலியோரத்தில் காய்ந்த துணியையே மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழுகை அழைப்பு கேட்டது. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். அக்காவின் தலை வேலிக்கு மேலே தெரிந்தது.

"செடாப்!" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

"கசக்கலையே? துவர்ப்பு? மென்னா எப்படி இருக்கு?"

"ஒன்னும் கசக்கல. நல்ல மெது. ஆமா, உங்க வீட்டுல சில்லி சாஸ் இருக்கா?"

சந்தோஷத்தில் முழுப் போத்தலையே வேலிக்கு மேலே நீட்டினேன். பாதிப் போத்தல் திரும்பி வந்தது. அதைப் பற்றி நான் எதுவும் யோசிக்கவில்லை. எதையும் இரண்டு முறை யோசிக்கிறவள், யோசிக்க வேண்டிய அந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை இருபத்திரண்டையும் பொரித்தேன். பொன்னிறம். டப்பாவில் அடுக்கும்போது மகள் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

மென்றாள். என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் மென்றாள். "சூடா இருக்கு" என்றாள். பிறகு, "அம்மா, சாஸ் போத்தலையும் கொண்டு போறேன்."

"அதுல சீனி, கலரு எல்லாம் இருக்கும்மா."

"ப்ளீஸ்."

இத்தனை தூரம் வந்துவிட்டு சாஸுக்காக ஏன் சண்டை என்று பையில் வைத்தேன். பாலர் பள்ளி வாசலில் டீச்சரிடம், பத்து மணிக்குள் பரிமாறிவிடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கொடுக்க வேண்டாம் என்றேன். டீச்சர் மூன்றுக்கும் தலையாட்டினார். நாலாவதாக ஒன்றைச் சொல்ல வந்தேன். அதற்குள் அவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

மதியம் மகள் ஓடிவந்தாள். டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். எண்ணெய்ப் பளபளப்பும் இரண்டு துணுக்கும் தவிர ஒன்றுமில்லை. அவளை அங்கேயே தூக்கிச் சுற்றினேன். இறக்கிவிட்டதும் சந்தேகம் வந்துவிட்டது. குப்பைத்தொட்டியில் கொட்டியிருப்பார்களோ? திரும்பிப் போய் டீச்சரைக் கேட்டேன்.

"ஹாபிஸ்! எல்லாம் தீர்ந்திடுச்சு. உங்க மகதான் நின்னு எல்லாருக்கும் பரிமாறினா. ரொம்பக் கெட்டிக்காரி" என்றார்.

சாஸ் போத்தலும் காலியாக இருந்தது. அதைக் கழுவி மறுசுழற்சிப் பையில் போட்டேன், பாட்டுப் பாடிக்கொண்டே.

ஐப்பசி பிறந்தது. விரதம் முடிந்த முதல் மதியம், உறைபெட்டியில் இருந்த நாலு கட்லெட்டையும் எடுத்துச் சமையலறைக்குள்ளேயே, அத்தையின் முழுச் சம்மதத்தோடு, பொரித்தேன். அன்று கணவருக்கும் விடுமுறை. நாலு பேர், நாலு கட்லெட். பல்கலைக்கழகம், தொழிற்சாலை, அன்னாசிக் கூழ், ரம்புத்தான் பை, வேலியோரம் எல்லாம் கண் முன்னால் வந்து போக, முதல் கடி கடித்தேன்.

மூன்று பேரும் மென்றார்கள். மறுபடி மென்றார்கள்.

"துவர்ப்பு தெரியல" என்றார் அத்தை, மெதுவாக. "நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா வேற எதுவுமே தெரியலையே."

கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்குக் குடிச்ச தண்ணியிலாவது ஒரு ருசி இருந்துச்சு."

எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவில் திரும்ப ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். கோழி. தோல் சாறு. மிளகு. ரொட்டித்தூள். மறுபடி மேலிருந்து கீழே படித்தேன். உப்பு இல்லை. சோதனைக்கு எழுதிய தாளை அப்படியே சமையலுக்கு எடுத்திருக்கிறேன். இறைச்சி கெடாமல் இருக்க உலகமே முதலில் தேடிய பொருள் உப்பு. அதை விட்டுவிட்டுத்தான் ரம்புத்தான் தோலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள். மலாய்க்கார அக்கா நோன்பு திறந்தது அதை வைத்து!

மகள் தன் கட்லெட்டைப் பாதி தின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு புதுச் சாஸ் போத்தல். அது எப்போது மேசைக்கு வந்தது என்று தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமா? அன்னிக்கு?"

"ம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ அழுவ." வாயைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்துமேலயும் நான்தான் சாஸ் ஊத்தினேன். ரெண்டு பேருக்கு ரெண்டு தடவ ஊத்தினேன்."

"டப்பா காலியா வரலன்னா உனக்குத்தானே சாசேஜ் கிடைச்சிருக்கும்?"

அதை அவள் யோசித்துப் பார்த்திருக்கவில்லை போல. மெல்லுவதை நிறுத்தினாள். நான் வாயைக் கொடுத்துத் தப்பு பண்ணிவிட்டேனோ என்று உடனே பயந்தேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாஸ் போத்தலை என் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"தொட்டுக்கம்மா. காலியாயிடும்."